பக்கெட் பை தைக்கலாம், வட்டத்தை மட்டும் கவனியுங்கள்

கடையில் என் தங்கை வாளி வடிவில் இருந்த ஒரு பக்கெட் பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். விலைச்சீட்டைத் திருப்பிப் படித்ததும் பேசாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அதைத் தைத்தே கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இதுவரை நான்கு தைத்தாகிவிட்டது. முதல் பையில் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வடிவத்துக்குப் பேர்போனது லூயி விட்டோனின் நோயே பை. 1932-ல் ஒரு ஷாம்பெயின் தயாரிப்பாளருக்காகச் செய்தார்கள். நான்கு பாட்டில் நிமிர்ந்தும் நடுவில் ஒன்று தலைகீழாகவும் நிற்க வேண்டும். அகன்ற அடியும் சுருக்குக் கயிறும் அதற்குத்தான். மான்சூர் கேவ்ரியல் என்ற இன்னொரு நிறுவனத்தின் பையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது நிறம்: வெளியே கறுப்பு, உள்ளே பளீர்ச் சிவப்பு. வாய் திறக்கும்போது அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கிற அழகே தனி. வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், லோகோவை மட்டும் நகலெடுக்காதீர்கள். நம் கைவேலைக்கு இன்னொருவர் பெயர் எதற்கு?

வெளிப்பக்கத்துக்குக் கெட்டியான கேன்வாஸ் ஒன்றேகால் மீட்டர், லைனிங்குக்குப் பருத்தித் துணி முக்கால் மீட்டர். அப்புறம் துணியை விறைப்பாக்க ஒட்டும் பக்ரம், கயிறு கோக்கும் உலோக வளையமான ஐலெட் 8, கயிறு 115 செ.மீ., பாலியெஸ்டர் நூல், 16-ஆம் நம்பர் ஊசி. மெல்லிய ஊசி போட்டால் தடித்த இடத்தில் உடைந்துவிடும்.

இனி கணக்கு. தைத்து முடித்த அடிவட்டத்தின் குறுக்களவு 20 செ.மீ. என்றால் சுற்றளவு 62.8 செ.மீ. தையலுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வட்டத்தை 22 செ.மீ.க்கு வெட்ட வேண்டும். உடல்துணிக்கு இரு ஓரத் தையலுக்கும் 1 செ.மீ. சேர்த்து 64.8 அகலம், 30 உயரம். முதல் பையில் வெட்டிய விளிம்பை, அதாவது 22 செ.மீ. வட்டத்தை வைத்துச் சுற்றளவு போட்டேன். உடல்துணி 6 செ.மீ.க்கு மேல் கூடிப்போய், அடியைச் சுற்றிச் சுருக்கம் சுருக்கமாக நின்றது. முழுவதும் பிரித்தேன். தையல் ஓடும் கோட்டில்தான் அளக்க வேண்டும், விளிம்பில் அல்ல.

உடலுக்கும் வட்டத்துக்கும் பக்ரம் ஒட்டி, உடலின் இரு ஓரத்தையும் சேர்த்துத் தையுங்கள். இந்தத் தையல் பையின் பின்பக்கம் வரட்டும். குழாய் மாதிரி நிற்கும்.

அடி வைப்பதுதான் இதில் நிதானம் கேட்கும் வேலை. குழாயின் கீழ் விளிம்பில் 8 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு சுற்றுத் தையல் போடுங்கள். பிறகு ஒன்றரை செ.மீ.க்கு ஒரு வெட்டு, 7 மி.மீ. ஆழம். வட்டத்தின் விளிம்பு 69 செ.மீ., குழாயின் விளிம்போ 62.8 தான். வெட்டு விட்டால்தான் அது விசிறி போல விரிந்து வட்டத்தோடு படியும். இரண்டையும் நான்காக மடித்துக் குறி வைத்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, குறிக்குக் குறி குண்டூசி குத்துங்கள். கையால் தளர்வாக நூலோட்டிக்கொள்வது இன்னும் நல்லது. வட்டம் கீழே, குழாய் மேலே. தையல் நீளம் 3 மி.மீ. ஒவ்வொரு வெட்டும் ஊசிக்கு வரும்போது விரலால் லேசாக விரித்துவிடுங்கள், துணியை இழுக்காதீர்கள். பின்பக்கத் தையல் வரும் தடித்த இடத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அவசரப்பட்டால் அந்த ஒரு இடத்தில்தான் கோணும். முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். சுருக்கமில்லாமல் வட்டம் டப்பா அடி போல உட்கார்ந்திருந்தால், பை பாதிக்கு மேல் முடிந்த மாதிரி.

லைனிங்கும் இதே போலத்தான். உயரம் மட்டும் 29 வைத்தால் உள்ளே தொளதொளக்காது. பக்கத் தையலில் 15 செ.மீ. தைக்காமல் விடுங்கள்.

வாருக்கு 10 செ.மீ. அகலம், 115 நீளப் பட்டை. நான்காக மடித்து இரு ஓரமும் தையுங்கள். பையின் இடம், வலம் கால்பங்குக் குறிகளில் வாரின் முனைகளை மேல் விளிம்போடு வைத்துத் தையுங்கள், வார் கீழே தொங்கட்டும். இதை லைனிங்குக்குள் நுழைத்து, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர, வாய் முழுக்கத் தையுங்கள். வார் இருக்கும் இடத்தில் மூன்று முறை ஓட்டுங்கள். சுமை முழுவதும் அங்கேதான். விட்ட இடைவெளி வழியாகத் திருப்பி, பழைய பிளாஸ்டிக் ஃபைலில் வெட்டிய 19.5 செ.மீ. வட்டம் இரண்டைச் சுருட்டி உள்ளே விட்டு அடியில் விரியுங்கள். இடைவெளியை மூடி, வாயோரம் மேல்தையல் போடுங்கள்.

கடைசியில் ஐலெட். வாயிலிருந்து 4 செ.மீ. கீழே, முன்பக்க நடுவிலிருந்து இருபுறமும் 3.9 செ.மீ. தள்ளி முதல் இரண்டு. மற்றவை 7.85 செ.மீ.க்கு ஒன்று. இப்படி வைத்தால் எதுவும் வாரில் இடிக்காது. கயிற்றின் இரு முனையும் முன்பக்கம் வெளியே வரும். துளையை ஐலெட்டின் கழுத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே போடுங்கள், பெரிதானால் துணி உருவிக்கொண்டு வந்துவிடும். கயிற்றைக் கோத்து முனைகளில் முடிச்சுப் போடுங்கள்.

தங்கை தன் பையை இப்போது தினமும் வேலைக்கு எடுத்துப் போகிறாள். தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் அதில் நிமிர்ந்தே நிற்கின்றன.