கீ-யின் சுழி தெரியும் திரைக்காகக் காத்திருப்பது எப்படி

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் 18 வருடமாகத் தமிழ் டைப்செட்டிங் செய்கிறேன். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கும்பாபிஷேக மலர், பாடசாலைச் சஞ்சிகை, வருடத்தில் ஒன்றிரண்டு கவிதைப் புத்தகம். இன்றுவரை என் முன்னால் இருப்பது 24 இன்ச் சாதாரண மொனிட்டர்தான். நல்ல 4கே மொனிட்டர் ஒன்றுக்காகப் பல வருடமாகக் காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில் செய்த பிழைகளையும் கண்டுபிடித்த வழிகளையும் எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

தமிழில் கி-க்கும் கீ-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறு சுழி. கி-க்கு மேல்விலங்கு, கீ-க்கு மேல்விலங்குச் சுழி. 9 பொயின்ட் எழுத்தை உண்மை அளவில் என் திரையில் வைத்தால், முழு எழுத்துக்கும் பதினொன்று, பன்னிரண்டு பிக்சல் உயரந்தான் கிடைக்கிறது. அதில் சுழிக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. அவையும் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை கல்யாணக் கார்டில் பெண்ணின் பெயரில் கீ வர வேண்டிய இடத்தில் கி போய்விட்டது. நான் இரண்டு தடவை பார்த்தேன், பெண்ணின் அண்ணனும் பக்கத்தில் நின்று பார்த்தார். 250 கார்டு அடித்து வந்த பிறகு அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். காசு போனதைவிட, தன் பெயரைப் பார்த்த அந்தப் பிள்ளையின் முகந்தான் இன்னும் மனதில் நிற்கிறது. நல்ல திரை வேண்டும் என்று நான் சொல்வது ஆடம்பரத்துக்காக அல்ல.

முதலில், எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்பதை ஓர் எண்ணாக எழுதி வையுங்கள். ‘4கே’ என்ற பெயர் போதாது. ஒரு இன்ச்சில் எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு. சாதாரண 1920×1080 திரையில் மூலைக்கு மூலை 2203 பிக்சல், 2560×1440இல் 2937, 4கே எனப்படும் 3840×2160இல் 4406, 5கே எனப்படும் 5120×2880இல் 5874. இதை மொனிட்டரின் இன்ச்சால் வகுத்தால் விடை வந்துவிடும். என் 24 இன்ச்சுக்கு 92. 27 இன்ச் 4கேக்கு 163. 32 இன்ச் 4கேக்கு 138. 27 இன்ச் 5கேக்கு 218. அதே 9 பொயின்ட் எழுத்துக்கு 163இல் 20 பிக்சல் உயரம் கிடைக்கும். அங்கே கீ-யின் சுழி சுழியாகவே தெரியும்.

அடுத்து கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளவுநாடா பிடித்துப் பாருங்கள். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி 60 சென்ரிமீற்றரில் இன்ச்சுக்கு 146 பிக்சல் இருந்தால் போதும். 50 சென்ரிமீற்றர் என்றால் 175 வேண்டும். நம்மில் பலருடைய மேசை சின்னது, சுவரோடு ஒட்டிக் கிடப்பது. என் மேசையில் தாராளமாக உட்கார்ந்தால் 58 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. 27 இன்ச் 4கேயில் 54 சென்ரிமீற்றருக்கு அப்பால் பிக்சல் தனியாகத் தெரியாது. ஆகவே என் எண் 27 இன்ச், 4கே. பெரிதாக இருக்கிறதே என்று 32 இன்ச் எடுத்தால் நான் 63 சென்ரிமீற்றர் தள்ளி உட்கார வேண்டும். அதற்கு முன்னறைச் சுவரை இடிக்க வேண்டும்.

மேசையில் வைத்துப் பார்க்க அட்டை வெட்டுங்கள். 27 இன்ச் திரை 60க்கு 34 சென்ரிமீற்றர், 32 இன்ச் 71க்கு 40. பிஸ்கட் பெட்டி அட்டையில் 27 இன்ச் அளவுக்கு வெட்டி, என் இப்போதைய மொனிட்டருக்கு முன்னால் ஒரு வாரம் சாய்த்து வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது, கழுத்து எவ்வளவு நிமிர்கிறது, பிரிண்டருக்கு இடம் மிஞ்சுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. பிரிண்டரை இடம் மாற்றினேன்.

விலையைப் பற்றிப் பேச வேண்டும். இவ்வளவு நுணுக்கமான திரை புதிய சரக்கு அல்ல. 2001இல் ஐபிஎம் நிறுவனம் டி220 என்று ஒன்றைக் கொண்டுவந்தது: 22 இன்ச்சில் 3840×2400 பிக்சல், இன்ச்சுக்கு 204. விலை ஏறக்குறைய 22,000 டொலர். 2013இல் 32 இன்ச் 4கே மொனிட்டர்கள் 3,500 டொலர் அளவில் வந்தன. 2014 தொடக்கத்தில் டெல் நிறுவனம் 28 இன்ச் ஒன்றை 699 டொலருக்கு விட்டது. இன்று வெளிநாட்டில் 27 இன்ச் 4கே மொனிட்டரை 300 டொலருக்குக் கீழேயே வாங்கலாம்.

இந்த இறக்கத்தைப் பார்த்துப் பொறுத்திருந்தால் போதும் என்றுதான் நானும் நம்பினேன். 2022 தொடக்கத்தில் காசு கையில் இருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று விட்டேன். மார்ச்சில் ரூபாய் வழுக்கத் தொடங்கியது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை. மொனிட்டருக்கு வைத்த காசு யூபிஎஸ் பற்றரிக்கும் வீட்டுச் செலவுக்கும் போனது. பிறகு ரூபாய் ஓரளவு தேறி டொலர் 300 அளவுக்கு வந்தது, ஆனால் 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. உலகத்தில் விலை இறங்குவது ஒரு கதை, நம் கடையில் இறங்குவது வேறு கதை. அதனால் என் முடிவு இது: நீங்கள் எழுதி வைத்த எண்ணுக்குப் பொருந்தும் மொனிட்டர் கடையில் இருந்து, அதற்கான காசும் கையில் இருந்தால் அன்றே வாங்கிவிடுங்கள். 5கே இறங்கட்டும், 8கே வரட்டும் என்று நீட்டாதீர்கள். 5கேயும் இறங்கித்தான் வருகிறது, 2024இல் 800 டொலருக்கே ஒன்று வந்தது. ஆனால் தமிழ் எழுத்துக்கு 163 போதும்.

காசுக்கு நான் சீட்டுப் பிடித்திருக்கிறேன். மாதம் 5,000, இருபது பேர். எங்கள் லயத்துப் பக்கத்துப் பெண்கள்தான் பாதிப் பேர். என் முறை பதினொராவது மாதம்.

காத்திருக்கும் நாட்களில் இருக்கிற திரையிலேயே பாதி நோவு குறையும். பலர் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று 1920×1080 திரையை 1366×768க்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். இதைவிடக் கெடுதல் வேறில்லை, எழுத்தின் ஒவ்வொரு ஓரமும் மசங்கிவிடும். திரையின் சொந்த அளவுக்கே கொண்டுபோய், விண்டோஸில் ஸ்கேலை 125 வீதமாக்குங்கள். எழுத்தின் ஓரத்தைத் தெளிவாக்க விண்டோஸிலேயே இருக்கும் கிளியர்டைப்பை ஒருமுறை ஓட்டி உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி தெரிவு செய்யுங்கள். ஸ்டாண்ட் திரும்பும் வகை என்றால் மொனிட்டரை நட்டுக்குத்தாக நிறுத்துங்கள், ஏ4 பக்கம் முழுதாக நிற்கும். புரூஃப் பார்க்கும்போது 200 வீதத்தில் வைத்து, பெயர்களை மட்டும் தனியாக ஒரு தடவை, வாய்விட்டு வாசியுங்கள். அந்தக் கல்யாணக் கார்டுக்குப் பிறகு, தாளில் எடுத்துப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடுவதில்லை.

இதே நாட்களில் கணினியையும் தயாராக்குங்கள். இங்கேதான் நான் 2015இல் அடிபட்டேன். ஒரு கடையில் பழைய 28 இன்ச் 4கே மொனிட்டர் கிடைத்தது, 4கே என்று மட்டும் சொன்னார்கள். வீட்டில் போட்டால் மவுஸ் அம்பு விட்டுவிட்டுத் தாவுகிறது, பக்கத்தை உருட்டினால் தலை சுற்றுகிறது. அந்த மொனிட்டர் 4கே அளவில் நொடிக்கு 30 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கும். 60 ஹெர்ட்ஸ் இல்லாத 4கேயில் ஒரு நாள் முழுக்க வேலை செய்ய முடியாது. நட்டத்துக்குத்தான் விற்றேன்.

மொனிட்டர் நல்லதாக இருந்தாலும் உங்கள் கணினிப் பெட்டியின் பின்பக்கத் துளை பழசாக இருந்தால் இதே கதைதான். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால் 60 ஓடும். கொழும்பிலிருந்து வரும் பாவித்த ஒபிஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் துளை இருக்கும், ஒரு மூலை வெட்டிய செவ்வகம் மாதிரி. இன்ரெலின் நான்காம் தலைமுறை என்றால் அதன் வழியாகவே 4கே 60 வரும், தனி கிராபிக்ஸ் கார்ட் வேண்டியதில்லை. என்னுடையது அப்படித்தான்.

மென்பொருளைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். 27 இன்ச் 4கேயை 150 வீத ஸ்கேலில்தான் பாவிக்க வேண்டி வரும், இல்லாவிட்டால் மெனு எறும்பு அளவில் இருக்கும். 2001இல் வந்த பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7இல், இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவோடு வேலை செய்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தக் காலத்து மென்பொருளுக்கு ஸ்கேல் தெரியாது, விண்டோஸ் படத்தைப் பெரிதாக்குவது போல் பெரிதாக்கிக் காட்டும். புது மொனிட்டரில் பழைய மசங்கல்தான் கிடைக்கும். அதனால் மொனிட்டருக்கு முன்பே வேலையை யூனிகோடுக்கும் புதிய மென்பொருளுக்கும் மாற்றத் தொடங்குங்கள். எனக்கு அது ஒரு வருடம் எடுத்தது.

வாங்கும் நாளில் கொழும்புக்கே போங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்துக்குள் பல கடைகளில் பார்க்கலாம். பென்டிரைவில் ஒரு பிடிஎப் கொண்டுபோங்கள்: முதல் பக்கத்தில் 9 பொயின்டில் கி கீ, ரி ரீ, ணு னு, ரு ரூ. அடுத்ததில் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. கடைசியாக முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு. செத்த பிக்சல் நிறப் பக்கங்களில் பிடிபடும். நீலத்தில் சிவப்பு எழுத்து கரைந்து தெரிந்தால், கணினியிலிருந்து நிறத் தகவல் குறைந்து வருகிறது என்று அர்த்தம், டீவியை மொனிட்டராகப் பாவிக்கும்போது அடிக்கடி நடப்பது. செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸ் காட்டுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பெனல் ஐபிஎஸ்தானா என்று கேளுங்கள், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் நிறம் மாறாமல் தெரியும். செத்த பிக்சல் எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

திரும்பி வரும்போது பெட்டியைப் படுக்கப் போடக் கூடாது, மேல்தட்டிலும் ஏற்றக் கூடாது. அவிசாவளை தாண்டி கினிகத்தேனை வரை வளைவுகள் எப்படி என்று தெரியுந்தானே. கோச்சியில், அதுதான் ரயிலில், இடம் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் பஸ்ஸில் பெட்டிக்கும் ஒரு சீட் காசு கொடுத்து, நிமிர்த்தி வைத்துக் கையால் அணைத்துக்கொண்டு வாருங்கள்.

வீட்டில் ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பனி மாதத்தில் துணியால் மூடிப் பூட்டி வைக்காமல் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், கணினிக்குப் போகும் கேபிளையும் கழற்றுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் சேர்த்து.