காப்புக்கட்டும் பழைய பனியன் பையும்

பொங்கலுக்கு முந்துன நாள் வாசல்ல பூவும் தழையும் சேர்த்துக் கட்டற காப்புக்கட்டுக்கு எங்கூட்டுல பூ வாங்கறதே இல்லைங்க, பூளைப்பூ பள்ளத்தோரம், காட்டோரமெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடக்கும், அதுல நாலஞ்சு கொத்து, ஆவாரம்பூ ஒரு கொத்து, வேப்பிலை ஒரு இணுக்கு, எல்லாத்தையும் காம்பு ஒண்ணா வர்ற மாதிரி சேர்த்து பனியன் துணி நாடால இறுக்கிக் கட்டுங்க. திருப்பூர் பக்கம் இந்த வேஸ்ட் துணிக்கா பஞ்சம்! அரை இஞ்ச் அகலத்துக்கு நீளமா வெட்டி இழுத்து விட்டா அதுவே சுருண்டு கயிறாட்டம் ஆயிரும்.

நம்மூட்டு வாசலுக்கு, கெணத்துக்கு, மாடு கட்டற கட்டுத்தாரைக்குப் போக ஒரு பத்து கட்டு சேர்த்தே கட்டுங்க. அபார்ட்மென்ட்ல தனியா இருக்கற பெரியவங்க பூளைப்பூவுக்கு எங்க போவாங்க? கொண்டு போயி அவங்க வாசல்ல நீங்களே கட்டி விடுங்க, சும்மா குடுத்துட்டு வந்தரக்கூடாது, எட்டிக் கட்ட அவங்களால முடியாது.

அப்பறம் பொங்கல் சாமான் போட்டுக் குடுக்க ஒரு பை. பழைய டீ-சர்ட்டுல கையி ரெண்டையும் கழுத்தையும் வெட்டுங்க, தோள்தான் கைப்பிடி. அடியில முன்னும் பின்னும் சேர்த்து ஒரு இஞ்சுக்கு ஒண்ணா மூணு இஞ்ச் ஒசரம் வெட்டி, முன்பக்க நாடாவையும் பின்பக்க நாடாவையும் ரெண்டு முடிச்சு போட்டா தையலே வேண்டாம். முடிச்சு உள்ள போகோணும்னா துணியைத் திருப்பிப் போட்டுக் கட்டுங்க.

அதுல அரை கிலோ பச்சரிசி, வெல்லம், ஒரு புடி பாசிப்பருப்பு போட்டு, தெனமும் தெருக்கூட்ட வர்ற அக்காவுக்கு போகியன்னைக்கே குடுத்துருங்க, பொங்கலன்னைக்கு குடுத்தா அவங்க எப்பங்க பொங்கல் வெக்கறது?