பிரதமர் பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளைக்கு அரசு எப்படிக் கவிழும் என்று தெரியுமா?

வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் குடிமையியல் சொல்லித்தருபவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் நாங்களெல்லாம் செய்த அதே பிழைகளைப் புதியவர்களும் விடாமல் செய்கிறார்கள். பெயரை மாற்றிச் சொல்வது, ஆண்டைத் தவறாக எழுதுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. புத்தகத்தைப் புரட்டினால் அவை சரியாகிவிடும்.

பிரதமர்களை மன்னர் வரிசையாக ஒப்பிக்க வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். நேரு, சாஸ்திரி, இந்திரா, மொரார்ஜி என்று வாய்ப்பாடு போல ஒரே மூச்சில் ஒப்பித்தான் ஒரு சிறுவன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஏன் கவிழ்ந்தது?" என்று கேட்டேன். "தேர்தலில் தோற்றிருப்பார்" என்றான். "அவரைப் பிரதமராக்கியது யார்?" என்றேன். "மக்கள் நேராக ஓட்டுப் போட்டார்கள்" என்றான். பட்டியலில் ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. அந்தப் பெயர்களைப் பதவியில் ஏற்றுவதும் இறக்குவதும் எது என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒருவர் போனார், அடுத்தவர் வந்தார் என்றே படித்த பிள்ளை, வளர்ந்த பிறகும் நாட்டை ஒரே ஆள் ஆள்வதாக நம்புகிறது. தன் தொகுதி உறுப்பினர் டெல்லியில் எதற்கு ஆதரவாக ஓட்டளித்தார் என்று கேட்க அதற்குத் தோன்றுவதேயில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசமைப்பின் 75ஆவது பிரிவு. அந்த அவையின் ஆதரவு இருக்கும்வரைதான் எவரும் பிரதமர்.

1999 ஏப்ரல் 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாஜ்பாய் அரசுக்குக் கொடுத்துவந்த ஆதரவை அதிமுக விலக்கிக்கொண்டிருந்தது. பெரும்பான்மையை நிரூபிக்கும்படி குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கேட்டிருந்தார். நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269 ஓட்டு, எதிராக 270. ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. அதே ஆண்டு நடந்த பொதுத்தேர்தலில் வென்று வாஜ்பாய் மீண்டும் பிரதமரானார். 1979இல் சரண் சிங்கோ மக்களவையின் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்காமலேயே பதவி விலகினார். மன்மோகன் சிங் பிரதமராக இருந்த பத்து ஆண்டும் மாநிலங்களவை உறுப்பினர்; மக்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மக்களவையில் அவர் உறுப்பினராக இல்லை. இந்த மூன்று கதைகளையும் கேட்டுப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பட்டியல் தானாக மனத்தில் நிற்கும்.

நான் வகுப்பில் வண்ணச் சீட்டுகளைக் கொடுத்துவிடுகிறேன். ஒரு நிறம் ஒரு கட்சி. எந்த நிறத்துக்கும் பாதி கிடைக்காதபடி பிரித்துக் கொடுத்து, "ஆட்சி அமையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். ஒருமுறை பச்சைச் சீட்டு வைத்திருந்த சிறுமி பிரதமரானாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு உத்தரவு போட ஆரம்பித்தாள். மஞ்சள் சீட்டு வைத்திருந்த இருவர் எழுந்து எதிர்வரிசைக்குப் போய்விட்டார்கள். அவள் தலைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி அவர்களிடம் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். கூட்டணி ஆட்சியைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு விளங்கியிருக்காது.

பட்டியலைக் கடைசியில் கொடுங்கள். 1964இலும் 1966இலும் குல்சாரிலால் நந்தா சில நாட்களுக்கு மட்டும் ஏன் பிரதமராக இருந்தார் என்று அப்போது பிள்ளையே உங்களைக் கேட்கும்.

தலைவர்களைப் படம் பிடித்து மாட்டுவது

லால் பகதூர் சாஸ்திரியை "எளிமையானவர், நேர்மையானவர்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். 1956இல் மெகபூப்நகர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அரியலூர் அருகே ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது மீண்டும் விலகினார். இம்முறை விலகல் ஏற்கப்பட்டது. ரயிலை ஓட்டாத அமைச்சர் எதற்குப் பதவி விலக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாடமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இந்திரா காந்தியைப் பற்றிச் சொல்லும்போது 1971 போர் வெற்றியோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு, 1975 நெருக்கடி நிலையை மட்டும் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளை தாங்கும்.

குடியரசுத் தலைவரை ரப்பர் முத்திரை என்று சொல்லிக்கொடுப்பது

2006இல் ஆதாயம் தரும் பதவிகள் (நாடாளுமன்ற உறுப்பினர் வகிக்கக் கூடாத, அரசின்கீழ் உள்ள பதவிகள்) தொடர்பான மசோதாவை அப்துல் கலாம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியதும் கையெழுத்திட்டார். அந்தப் பதவியின் அதிகாரமும் எல்லையும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் கட்சியைப் பாடத்தில் கலப்பது

கூடவே கூடாது.

எல்லாவற்றையும் டெல்லியின் தலையில் கட்டுவது

தெருவிளக்கு எரியாவிட்டால் பிரதமருக்குக் கடிதம் எழுதச் சொல்லும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். தெருவிளக்கு ஊராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பு. காவல்துறை மாநில அரசிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் கொடுப்பது மத்திய அரசு. இப்படிப் பத்துப் பொருள்களை எழுதிக்கொடுத்து, மூன்று பெட்டிகளில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ரேஷன் கடை அரிசியையும் அதில் சேர்க்க மறக்க வேண்டாம். தானியத்தை ஒதுக்குவது மத்திய அரசு, கடையை நடத்த ஏற்பாடு செய்வது மாநில அரசு என்பதால் அந்தச் சீட்டில்தான் பிள்ளைகள் வெகுநேரம் வாதாடுவார்கள். அதற்குப் போதிய நேரம் விட்டுவையுங்கள்.