எடை குறைப்பில் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிந்ததும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் புதுமுகங்கள் வந்துவிடும். அவர்களில் சிலர் நான் பயிற்சி தரும் கூடத்திலும் சேர்வார்கள். இருபதுகளில் இருக்கும் இவர்கள் செய்யும் தவறுகளில் பலவும் என் தொடக்க காலத்தில் நானும் செய்தவையே. பரோட்டாவையும் குளிர்பானத்தையும் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

அரைப்பட்டினி கிடந்து தசையை இழப்பது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். கடலூரிலிருந்து வந்துபோகும் இளைஞர் ஒருவர், திருமணம் நிச்சயமான கையோடு, காலையில் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு, மதியம் வெள்ளரிக்காய், இரவில் இரண்டு சப்பாத்தி என்று ஆரம்பித்தார். முதல் வாரத்திலேயே எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் இறங்கியதில் பெரும்பகுதி கொழுப்பன்று. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து தீரும்போது, அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ள நீரும் உடன் வெளியேறுகிறது. அதன் பிறகும் புரதமில்லாத அரைப்பட்டினி தொடர்ந்தால், உடல் கொழுப்போடு தசையையும் சேர்த்தே கரைக்கிறது. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வது தசை என்பதால், பெற்றோருக்கு நீரிழிவு உள்ள ஓர் இளைஞர் கடைசியாக இழக்க வேண்டியது அதைத்தான்.

அவருக்குச் சட்டை தோளில் தொளதொளத்தது. பெல்ட்டு மட்டும் பழைய துளையிலேயே நின்றது. முன்பு எளிதாகத் தூக்கிய எடையை இரண்டாம் முறை தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டார். நிறுத்தச் சொன்னால், "மாஸ்டர், ஆறு கிலோ குறைஞ்சிருக்கேனே" என்று எடை இயந்திரத்தைக் காட்டினார். விருந்துகள் முடிவதற்குள் அந்த ஆறு கிலோவும் திரும்பிவிட்டது. பயிற்சியில்லாமல் திரும்பும் எடையில் கொழுப்பே மிகுதி என்பதை அப்போதுதான் காதுகொடுத்துக் கேட்டார்.

வாரத்திற்கு அரை கிலோ குறைந்தால் போதும். மிக வேகமான எடையிழப்பு பித்தப்பைக் கல்லுக்கும் வழிவகுக்கும். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும், இரத்தத்திலுள்ள கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடும் சீராகத் தொடங்கும். வேளைக்கு வேளை புரதம் இருக்கட்டும்: இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் கிடைக்கும், துறைமுகத்தை அருகில் வைத்துக்கொண்டு மத்தியையும் நெத்திலியையும் விட்டுவிட்டுப் புரதப் பொடி டப்பாவுக்குக் கடன் வாங்குவோரை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை. மீன் உண்ணாதவர்களுக்குச் சுண்டலும் பருப்பும் தயிரும் உண்டு. இவற்றோடு வாரத்தில் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைத்தால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகலாம்.

தினை, கம்பு என்றால் அளவு பார்க்காதிருப்பது

சமைக்காத நிலையில் 100 கிராம் தினைக்கும் அரிசிக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றே.

நடையை மட்டும் நம்புவது

கடற்கரைச் சாலையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர்தான். ஒருமுறை போய்த் திரும்பினால் 70 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 150 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் வாங்கும் மிளகாய் பஜ்ஜி அதை ஈடுகட்டிவிடும். ஆயினும் இரவு உணவு முடிந்தவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பவருக்குச் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்பதால், நடையை விடச் சொல்ல மாட்டேன்.

உறக்கத்தைக் குறைத்துக் காலைப் பயிற்சிக்கு வருவது

வராதீர்கள்.

இடுப்பை அளக்காமல் விடுவது

நம்மவர்களுக்கு உடல் நிறை எண் (BMI: கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23-ஐத் தொட்டாலே எடை மிகுதி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளந்து, மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள்.