செம்பனை ஊர் வானத்துக்கு எந்த ஐபீஸ் வாங்கலாம்?

தொலைநோக்கிப் பெட்டிக்குள் வரும் ஐபீஸ்களில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழல்களில், 20 அல்லது 25 மி.மீ. ஓரளவு தேறும். ‘எஸ்ஆர் 4 மி.மீ.’ தேறாது, பார்க்கும் துளை மிகச் சிறியது, காட்சியும் மங்கல். அதற்கு மாற்று வாங்கும் முன் தொலைநோக்கிக் குழாயில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள்: வாய் அகலம், குவியத்தூரம்.

130 மி.மீ. வாயும் 650 மி.மீ. குவியத்தூரமும் உள்ள, குழி ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகையை எடுத்துக்கொள்வோம். 650-ஐ ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம்: 25 மி.மீ. 26 மடங்கு, 9 மி.மீ. 72, 6 மி.மீ. 108. வாய் அகலத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 260, உச்ச வரம்பு. மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற ஊர்களில் கோள்கள் உச்சிக்கு அருகே ஏறுவதால் 150 மடங்கு வரை பல இரவுகளில் தாங்கும். பெட்டியில் அச்சிட்ட 675 மடங்கை மறந்துவிடுங்கள்.

650-ஐ 130-ஆல் வகுத்தால் 5. ஐபீஸின் எண்ணை இந்த 5-ஆல் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. ஐபீஸில் அது 8 மி.மீ.; இருட்டில் விரிந்த கண்மணியே 7 மி.மீ.க்கு மேல் போகாது, மிச்ச ஒளி வீண். ஆலை விளக்கும் தாமான் (குடியிருப்பு) தெருவிளக்கும் வானத்தைச் சாம்பலாக்கும் இடத்தில் 2 முதல் 3 மி.மீ. கற்றைதான் நல்லது, பின்னணி கறுக்கும். மே, ஜூன் முன்னிரவில் தெற்கே தெரியும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்துக்கு 10 முதல் 15 மி.மீ. ஐபீஸ் பொருந்துவது அதனால்தான்.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி கேளுங்கள். ப்ளாஸல் என்ற பரவலான ஐபீஸ் வகையில் 6 மி.மீ. ஐபீஸுக்கு 5 மி.மீ. கூடக் கிடைக்காது, இமை லென்ஸில் உரசும். குறைந்த எண்ணுக்கு 60 பாகைக்கு மேல் காட்சி தரும் அகலக்காட்சி வகையே மேல்.

தரத்தைக் கடையிலேயே பார்க்கலாம். விளக்கின் பிம்பம் லென்ஸில் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிய வேண்டும். பளிச்சென்ற வெள்ளைப் பிம்பம் இருந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. ஐபீஸ் குழாயின் உள்பக்கம் மினுங்கினால் நிலவைச் சுற்றி வெளிச்சம் சிதறிக் காட்சி வெளிறும். ஐபீஸ் குழாயின் அளவு 1.25 அங்குலமா என்பதையும் கவனியுங்கள், பழைய 0.965 அங்குலத் தொலைநோக்கியில் அது நுழையாது.

வீட்டில், ஒரு விண்மீனை நடுவில் கூராக்கி ஓரத்துக்கு நகர்த்துங்கள். மறுபடி திருகினால் கூரானால் அது காட்சித்தள வளைவு, பொறுத்துக்கொள்ளலாம். திருகியும் சிறகு விரித்தாற்போலவே இருந்தால் ஐபீஸ்தான் குறை. வெளிப்புறம் நோக்கி வால் மட்டும் நீண்டால் அது தொலைநோக்கி ஆடியின் ‘கோமா’ என்ற குறை, ஐபீஸை மாற்றிப் பயனில்லை.

பத்து ஐபீஸ் அடுக்கிய சூட்கேஸைவிட 25 மி.மீ. ப்ளாஸல், 9 மி.மீ. அகலக்காட்சி, ஒரு நல்ல 2 மடங்கு பார்லோ (ஐபீஸுக்கு முன் செருகி உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ்) என மூன்றே போதும். பார்லோவோடு 9 மி.மீ. 144 மடங்கு தரும்.

ஏர்கோன் அறையில் வைத்ததை நேரே திடலுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் உடனே வேர்க்கும். இறுக மூடிய டப்பாவோடு அரைமணி நேரம் வெளியே வைத்துப் பிறகு திறங்கள். துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துப் பூச்சையே அரிக்கும். சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள், நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள்.