ஜப்பானில் ஓ.பி. பார்க்கப் போகும்முன்

உடம்புக்கு முடியவில்லை என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். ஜப்பானில் அப்படிச் செய்தால் பணமும் போகும், ஒரு நாளும் போகும். இங்கே முதலில் போக வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக். பெரிய இடம் தேவை என்று அந்த டாக்டர் நினைத்தால் 'ஷோகாய்ஜோ' என்னும் பரிந்துரைக் கடிதம் தருவார். அது இல்லாமல் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போனால், சிகிச்சைக் கட்டணம் போக, குறைந்தது 7,000 யென் தனியாகக் கட்ட வேண்டும். 2022 அக்டோபர் முதல் இதுதான் தொகை. காப்பீடு இதில் ஒரு யென்னும் ஏற்காது. உண்மையான அவசர நிலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

காய்ச்சல், இருமல், வயிற்றுக்கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் போக வேண்டிய பிரிவு 'நாய்கா'. முதுகு, முழங்கால், சுளுக்கு என்றால் 'செய்கெய்கெகா'. இதோடு ஒலிக்குழப்பம் தரும் 'கெய்செய்கெகா' பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு. முன்பதிவு செய்யும்போது கவனம். காது, மூக்கு, தொண்டைக்கு 'ஜிபிகா', தோலுக்கு 'ஹிஃபுகா', பிள்ளைகளுக்கு 'ஷோனிகா'.

கிளினிக்குகள் பெரும்பாலும் காலை 9 முதல் 12 வரை, பிறகு மாலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். வாரநடுவில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் மூடியிருப்பதும், சனிக்கிழமை காலை மட்டும் இருப்பதும் சகஜம். பெரிய மருத்துவமனையில் புதிய நோயாளிகளுக்கான பதிவு காலை 11 அல்லது 11.30க்கே முடிந்துவிடும். காய்ச்சல் இருந்தால் போகும்முன் போன் செய்யுங்கள். பல இடங்களில் காய்ச்சல் நோயாளிக்குத் தனி நேரமும் தனி வாசலும் உண்டு.

கையில் முதலில் காப்பீட்டுக்கான அத்தாட்சி இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டை புதிதாக வழங்கப்படுவதில்லை. காப்பீடு இணைத்த மை நம்பர் கார்டு என்ற அரசு அடையாள அட்டை, அல்லது 'ஷிகாகு காகுனின்ஷோ' என்ற தகுதிச் சான்று வேண்டும். கவுன்டரில் உள்ள கருவியில் கார்டை வைத்து, முகம் காட்டியோ நாலு இலக்க எண் தட்டியோ உறுதிசெய்வீர்கள். அடுத்து வரும் கேள்விகள் பழைய மருந்து, பரிசோதனை விவரங்களை டாக்டர் பார்க்கலாமா என்பது பற்றியவை, சம்மதிப்பது நல்லது. காப்பீடு இருந்தால் 6 வயதுக்கு மேல் 69 வரை பொதுவாக 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. அத்தாட்சியை மறந்தால் முழுத் தொகையும் கட்ட நேரும். அந்த மாதத்துக்குள் ரசீதோடு காட்டினால் பெரும்பாலும் மீதியைத் திருப்பித் தருவார்கள். சிறு கிளினிக்குகள் சில ரொக்கம் மட்டுமே வாங்கும்.

பெயர்தான் தமிழர்களுக்கு ஒரு தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் இருந்தால், 'ராமசாமி-சான்' என்று கூப்பிடுவது உங்களைத்தான். அதையும் கதகானா (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) ஒலியில் சொல்வார்கள் என்பதால் சட்டென்று காதில் விழாது. காப்பீட்டுப் பதிவில் உள்ள கதகானா எழுத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எல்லா படிவத்திலும் அதே எழுத்தையே எழுதுங்கள். ஓரிடத்தில் இனிஷியலும் இன்னோரிடத்தில் முழுப்பெயரும் எழுதினால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு உருவாகும். வரிசை எண் தரும் இடமாக இருந்தால் பெயரை நம்பாமல் எண்ணையே பாருங்கள்.

பதிவு முடிந்ததும் 'மொன்ஷின்ஹ்யோ' என்ற கேள்வித்தாள் வரும். எப்போதிலிருந்து என்ன தொந்தரவு, சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, முன்பு செய்த அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் என்று கேட்பார்கள். பல மொழிகளில் இந்தத் தாளை கனகாவா சர்வதேச அறக்கட்டளை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. வெப்பநிலையை செல்சியஸில் எழுதுங்கள்: நம் 100 டிகிரி ஃபாரன்ஹீட் 37.8, 102 என்றால் 38.9. மருந்துக்கு நம் ஊர் பிராண்ட் பெயர் எடுபடாது. டோலோ 650 என்றால் புரியாது, பாராசிட்டமால் என்றாலும் சந்தேகம்தான். ஜப்பானில் அதற்கு அசிடமினோஃபென் என்று பெயர், கலோனால் பரவலான பிராண்ட். மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படமெடுத்துக் காட்டுவதே சரி.

டாக்டர் அறைக்குள் கிடைப்பது சில நிமிடம். தொந்தரவு தொடங்கிய தேதி, அதிகமாகும் நேரம், இதுவரை சாப்பிட்டது ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விண்விண்ணென்ற வலிக்கு 'ஸுகிஸுகி', ஊசி குத்துவது போன்றதற்கு 'சிகுசிகு', வயிற்றைப் பிடுங்கும் வலிக்கு 'கிரிகிரி' என்றால் பிடித்துக்கொள்வார்கள். புரியாததை 'கைதே குதசாய்' என்று எழுதித் தரச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்பதிவின்போதே கேளுங்கள். வீட்டுப் பிள்ளையை வைத்துப் பேசவேண்டாம். வலி, மருந்தளவு போன்ற சொற்களைப் பிள்ளை மாற்றிச் சொன்னால் விளைவு பெரிது.

பணம் கட்டிய பிறகு கிடைக்கும் மருந்துச்சீட்டு, கொடுத்த நாளையும் சேர்த்து 4 நாள்தான் செல்லும். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். வெளியே மருந்துச்சீட்டுக்கு மருந்து தரும் எந்தக் கடையிலும் வாங்கலாம், அங்கே தனிக் கட்டணம். 'ஒகுசுரி தெச்சோ' என்ற மருந்துக் குறிப்பேட்டை அங்கேயே தருவார்கள். மருந்துப் பையில் 'ஷொகுகோ' என்றால் சாப்பாட்டுக்குப் பின், 'ஷொகுசென்' என்றால் முன். 'ஷொக்கான்' என்பதைச் சாப்பாட்டுக்கு நடுவே என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. சாப்பிட்டு சுமார் 2 மணி நேரம் கழித்து என்பதே பொருள். சைவர்கள் கேப்சூல் உறையில் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டால், மாத்திரையாகவோ பொடியாகவோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள்.

வேலையில் பட்ட காயமானால் கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். அது 'ரோசாய்' என்ற தொழிலாளர் விபத்துக் காப்பீட்டில் வரும். சாதாரண காப்பீட்டில் காட்டினால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. ரசீதுகளையும் எறியாதீர்கள். குடும்பத்தின் ஆண்டு மருத்துவச் செலவு 100,000 யென்னைத் தாண்டினால் வரிக்குரிய வருமானத்தில் கழிக்க அவை வேண்டும்.