வளிமண்டல மாதிரியைத் திருத்தும்போது நேரும் தவறுகள்: சேலமும் ஏற்காடும்

ட்ரோன், கோபுரம், காற்றாலை என்று எதற்குக் கணக்குப் போட்டாலும், சேலத்துப் பொறியியல் மாணவர்கள் முதலில் எடுப்பது பாடநூலில் உள்ள நிலையான வளிமண்டல அட்டவணையைத்தான். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல், கன மீட்டருக்கு 1.225 கிலோ அடர்த்தி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைவு என்பது அதன் அடிப்படை. இது நடுத்தர அட்சரேகைகளின் ஆண்டுச் சராசரியை ஒட்டி வகுக்கப்பட்டது. சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்கு அது தரும் வெப்பநிலை 5 டிகிரி. சித்திரை மாத நண்பகலில் ஏரிக்கரையில் நின்ற எவருக்கும் அந்த எண் எவ்வளவு பொருந்தாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மாதிரியைத் திருத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. தவறுகள் நேர்வது திருத்தும் முறையில்தான்.

எல்லா உயரத்துக்கும் ஒரே அளவு வெப்பத்தைக் கூட்டிவிடுவது பலரும் செய்யும் தவறு. தரையில் 20 டிகிரி அதிகம் என்பதால் மேலேயும் 20 டிகிரி கூட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் நிலையான அட்டவணையில் வெப்பநிலை 11 கிலோமீட்டரில் மைனஸ் 56.5 டிகிரியோடு குறைவதை நிறுத்திவிடுகிறது. நம் வெப்ப மண்டலத்திலோ அது 16, 17 கிலோமீட்டர் வரை தொடர்ந்து குறைந்து மைனஸ் 80 டிகிரியை ஒட்டிச் செல்கிறது. தரையருகே அட்டவணையைவிடச் சூடாக இருக்கும் நம் காற்று, அந்த உயரத்தில் அட்டவணையைவிடக் குளிர்ந்தது. பலூனுக்கோ ராக்கெட்டுக்கோ கணக்கிடுபவர் வெறுமனே 20-ஐக் கூட்டினால், திருத்தம் மேலே எதிர்த்திசையில் பிழையாகிவிடும்.

இதைவிட ஆழமான தவறு, வெப்பநிலையை மட்டும் மாற்றிவிட்டு அழுத்தத்தையும் அடர்த்தியையும் பழையபடியே விட்டுவிடுவது. இந்த மூன்றும் வாயு விதியால் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. மேலே உள்ள காற்றின் எடையே கீழே அழுத்தமாக வருவதால், ஒரு மட்டத்தில் செய்யும் மாற்றம் மற்ற மட்டங்களையும் பாதிக்கும். ஏற்காட்டில் 25 டிகிரி என்று எழுதிவிட்டு, அட்டவணையின் 1.06 என்ற அடர்த்தியை அப்படியே வைத்திருந்த கணக்குகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைய உண்மையான அடர்த்தி 0.99-ஐ ஒட்டியே இருக்கும். காற்று மெலியும்போது அதே எடையைத் தாங்கி நிற்க ட்ரோனின் இறக்கைகள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும்: கடல் மட்ட அடர்த்தியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 11 சதவீதம் கூடுதல் வேகம். மின்கலத்தின் கணக்கு தவறுவது இங்கேதான்.

காற்றழுத்தத்தை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணிக்கும் உயரமானியை எடுத்துக்கொண்டால் இது கண்ணுக்கே தெரியும். சேலத்தில் 278 மீட்டர் என்று சரிசெய்துகொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு சேர்ந்தால், உண்மையில் ஏறிய உயரம் 1,237 மீட்டர். கீழே 35, மேலே 25 டிகிரி உள்ள ஒரு நாளில், நிலையான வளிமண்டலத்தை நம்பும் உயரமானி ஏறத்தாழ 85 மீட்டர் குறைத்துக் காட்டும். கருவியில் பழுது எதுவும் இல்லை. சூடான காற்றில் அழுத்தம் மெதுவாகக் குறைவதை அதன் உள்ளே உள்ள மாதிரி அறியாது.

வானிலைச் செய்திகளில் வரும் 1008 ஹெக்டோபாஸ்கல் போன்ற எண்களை அப்படியே கணக்கில் போடுவதும் கூடாது. அவை கடல் மட்டத்துக்கு மாற்றி எழுதப்பட்டவை. ஏற்காட்டில் நிலவும் அழுத்தம் 850-ஐ ஒட்டியது என்பதால், அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மிகையாகிவிடும். ஈரப்பதத்தை விட்டுவிடுவதால் நேரும் பிழை இதைவிடச் சிறியது, ஒரு சதவீத அளவே. எனினும் நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது என்பதை மறந்து, அடர்த்தியைக் கூட்டுபவர்களும் உண்டு.

நாசாவின் மார்ஷல் விண்வெளிப் பறப்பு மையம் 1970-களிலிருந்து வளர்த்துவரும் எர்த்-கிராம் போன்ற பொறியியல் மாதிரிகள், இடம், மாதம், உயரம் ஆகியவற்றுக்கு ஏற்பச் சராசரியைத் தருவதோடு, அந்தச் சராசரியைச் சுற்றி நிகழக்கூடிய ஏற்ற இறக்கங்களையும் உருவாக்கித் தருகின்றன. சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு வடிவமைப்பது பாதி வேலைதான். கணினி தரும் ஓர் ஏற்ற இறக்கத்தை நாளைய வானிலை என்று கொள்வது இன்னொரு தவறு. அது நிகழக்கூடிய பல நாட்களில் ஒன்று, அவ்வளவே. சொந்தமாக ஏற்ற இறக்கம் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனியே சீரற்ற எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்தடுத்த மட்டங்களின் காற்று பெரும்பாலும் ஒத்தே மாறுவதால், அப்படி வரும் படம் ரம்பத்தின் பற்களைப் போல் இருக்கும், உண்மையான வளிமண்டலத்தைப் போல் இருக்காது.

எர்த்-கிராமின் அண்மைப் பதிப்புகளில் சேர்க்கப்பட்டுள்ள மெர்ரா-2 தரவின் (கடந்தகால அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து நாசா உருவாக்கிய உலக வளிமண்டலப் பதிவின்) கட்டங்கள் அட்சரேகையில் அரை டிகிரி, அதாவது சுமார் 55 கிலோமீட்டர் அகலமுள்ளவை. சேர்வராயன் மலை முழுவதும் அத்தகைய ஒரு கட்டத்தின் பரப்பில் சிறு பகுதிதான். எனவே மாதிரி அறிந்த தரையின் உயரம் ஏற்காட்டின் உயரமல்ல. மலை விளிம்பில் காற்று நெருங்கி வேகம் கூடுவதும் அதற்குத் தெரியாது. தரவு புதியது என்பதற்காக அதை மலைமுகட்டுக் கோபுரத்துக்கு அப்படியே பயன்படுத்தாமல், நில அமைப்புக்கான திருத்தத்தைத் தனியே செய்ய வேண்டும்.

திருத்திய மாதிரியைச் சோதிக்கும் இடத்திலும் கவனம் தேவை. மீனம்பாக்கத்தில் பறக்கவிடப்படும் பலூன்களின் அளவீடுகள் மெர்ரா-2 போன்ற தரவுகளை உருவாக்கவே பயன்படுகின்றன. அவற்றோடே ஒப்பிட்டுப் பொருந்துகிறது என்று மகிழ்வது சோதனையாகாது. மேலும் அத்தகைய பலூன்கள் வழக்கமாக நம் நேரப்படி காலை, மாலை ஐந்தரை மணியை ஒட்டிய அளவீடுகளையே தருகின்றன. சேலத்தின் தரை கொதிக்கும் பிற்பகல் இரண்டு மணி அவற்றில் இல்லை. அந்த நேரத்துக்கு, நிழலில் வைத்த ஒரு வெப்பமானியும் சரிபார்த்த ஒரு காற்றழுத்தமானியும் கொண்டு சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒரே வேளையில் எடுத்த அளவுகளே ஒப்பீட்டுக்கு உதவும்.